பழைய பாய்மரப் படகுக்குப் புது டீசல் எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது வெஸ்டர்லி சென்டார் என்ற 26 அடிப் பாய்மரப் படகு. 1969 முதல் 1980 வரை இங்கிலாந்தில் இந்த ரகத்தை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். படகின் அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் இதில் இரண்டு இருப்பதால், கடல் வற்றினாலும் சாயாமல் சேற்றில் இரண்டு காலூன்றி நிற்கும். தென் இங்கிலாந்தின் கழிமுகங்களில் எங்கே திரும்பினாலும் ஒன்று கண்ணில் படும். என் படகு 1974-இல் கட்டியது. அதிலிருந்த வோல்வோ பென்டா இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பீட்டா மரைன் 14 எச்பி எஞ்சினை வைத்தேன். ஒரு குளிர்காலத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கிய வேலை, ஜூன் மாதம் வரை இழுத்தது. அதன்பிறகு துறைமுகத்தில் பக்கத்துப் படகுக்காரர்கள் வரும்போதெல்லாம் இதைப் பற்றித்தான் பேச்சு. அவர்கள் கேட்டவையும், நான் முன்னாடியே கேட்டிருக்க வேண்டியவையும் இங்கே.

எஞ்சின் புகைக்கிறது, இழுவை குறைந்துவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். சுமை அதிகம் என்பதற்குப் பல நேரம் காரணம் எஞ்சினே இல்லை. புரொப்பெல்லரில் ஒட்டியிருக்கும் கொட்டலசுச் சிப்பிதான். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசலாக இருக்கலாம், ஆவியாகவும் இருக்கலாம். குளிர்ந்த காலையில் கொஞ்சம் வருவது சகஜம்.

அப்புறம் எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் புகையும் கடல்நீரும் கலக்கிற வளைகுழாய் அது. பழைய படகுகளில் அதன் உள்ளே கரி அப்பி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருக்கும். மூச்சு முட்டுகிற எஞ்சின் எப்படி இழுக்கும்? எல்போவையும் டீசல் ஃபில்டரையும் மாற்றியதும் இன்னும் பத்து வருடம் ஓடிய எஞ்சின்கள் உண்டு.

இதையெல்லாம் பார்த்த பிறகு கம்ப்ரெஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் போதுமா என்று அளப்பது. அதிலும் தோற்றால், அல்லது எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால், அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். பாய்மரப் படகு எஞ்சின்கள் பெரும்பாலும் ஓடித் தேய்ந்து சாவதில்லை. சும்மா கிடந்து துருப்பிடித்துத்தான் சாகின்றன.

பழையதையே பிரித்துச் சரிசெய்தால் என்ன?

என்னுடையதில் கடல்நீரே நேராகச் சிலிண்டரைச் சுற்றி ஓடும். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். நாற்பது, ஐம்பது வருடம் உப்புநீர் ஓடினால் இரும்பு உள்ளிருந்தே அரித்து மெலிந்துவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே செல்லரித்த பலகை. அதற்குப் புது பிஸ்டனும் வளையமும் போட்டால் காசுக்குத்தான் கேடு. நன்னீர் சுற்றி, வெப்பமாற்றி வழியாகக் குளிரும் எஞ்சின் உங்களுடையது என்றால் கதை வேறு. உதிரிபாகமும் கிடைக்குமானால் தாராளமாகப் பிரிக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்குவதானால், ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: ஆறிக் கிடக்கும் எஞ்சினை என் கண் முன்னால் ஸ்டார்ட் செய்து காட்டு. நீங்கள் போகும்போதே எஞ்சின் கதகதப்பாக இருந்தால், சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

எத்தனை எச்பி வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், பலர் கோட்டை விடுவதும் இதில்தான். பழையது 25 எச்பி, அதனால் புதியதும் 25 எச்பி என்று கணக்குப் போடக் கூடாது.

கீல் உள்ள படகு நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது, அதன் மேலே ஏறி ஓடுவதில்லை. அதனால் அதன் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். சென்டாரின் நீர்மட்ட நீளம் சுமார் 21 அடி 4 அங்குலம், வரம்பு 6.2 நாட் அளவில் வருகிறது. அதற்கு மேல் எவ்வளவு எச்பி கொடுத்தாலும் பின்பக்கம் அமுங்கி, பெரிய அலை எழும்பும், டீசல் தீரும், அவ்வளவுதான்.

எடைக்குக் கணக்குப் பார்த்தால் டன்னுக்கு 2 எச்பி குறைந்தபட்சம். 4 எச்பி வரை வைத்தால் எதிர்காற்றிலும் அலையிலும் தெம்பாகப் போகலாம். என் படகு சுமார் 3 டன். ஆக 12 எச்பி மேல் வரம்பு. சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்தால் 14 எச்பி தாராளம். அமைதியான நீரில் 5 நாட் ஓட அதில் பாதி சக்திகூட வேண்டியதில்லை.

பெரியதாக வாங்கிப் பாதி வேகத்திலேயே ஓட்டுவேன், எஞ்சின் நீடித்து உழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். டீசல் எஞ்சினுக்கு அது பிடிக்காது. சுமை இல்லாமல் ஓடினால் சரியாகச் சூடேறாது, கரி படியும், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்து எண்ணெயைக் குடிக்க ஆரம்பிக்கும்.

எந்தக் கம்பெனி எஞ்சின் நல்லது?

இந்த அளவில் யான்மார், வோல்வோ பென்டா, பீட்டா, நன்னி ஆகியவைதான் பெரும்பாலும் கண்ணில் படும். பீட்டாவும் நன்னியும் ஜப்பானின் குபோட்டா எஞ்சினை எடுத்துக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி விற்கின்றன. டிராக்டரிலும் ஜெனரேட்டரிலும் ஓடும் அதே எஞ்சின் குடும்பம். நான் பீட்டாவை எடுத்ததற்குக் காரணம் அதன் கால்கள். பழைய எஞ்சினின் போல்ட் எங்கே இருந்தது என்று அளவு கொடுத்தால், அதற்குத் தக்கபடி கால்களைச் செய்து தருகிறார்கள். மற்றபடி, உங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எதன் இம்பெல்லரும் (கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரம்) ஃபில்டரும் சனிக்கிழமை மதியமும் கிடைக்குமோ, அதுவே நல்ல எஞ்சின்.

புது எஞ்சின் அந்தப் பொந்துக்குள் அடங்குமா?

பழையதைவிடப் புதியது சின்னது, அதனால் அடங்கிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். நீளமும் அகலமும் அடங்கின. உயரத்தில் மாட்டிக்கொண்டேன். புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் சரிந்து இருப்பதால் எஞ்சினும் சரிந்து உட்காரும். அப்போது எக்ஸாஸ்ட் எல்போ வரைபடத்தில் இருப்பதைவிட வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. என் படகில் அது கேபினுக்குள் இறங்கும் படியின் அடிப்பலகையில் இடித்தது. படியை அறுத்து, வேறு உயரத்தில் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் காசு கொடுக்கும் முன்னால், எஞ்சின் விற்பவரிடம் அளவு வரைபடம் வாங்கி, ஒட்டுப்பலகையிலும் அட்டையிலும் ஒரு பொம்மை எஞ்சின் செய்யுங்கள். ஷாஃப்ட் சேரும் இடத்தின் நடுப்புள்ளி, நான்கு கால்கள், எல்போ, எண்ணெய்த் தொட்டியின் அடிமட்டம் ஆகியவை மட்டும் துல்லியமாக இருந்தால் போதும். ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் குழாயான ஸ்டெர்ன் டியூப்பின் நடுவிலிருந்து ஷாஃப்ட் வரும் கோட்டில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நூல் பொம்மையின் நடுப்புள்ளி வழியாகப் போகும்படி உட்கார வையுங்கள். எங்கே இடிக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இடித்தால் மட்டும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள், கை எட்டாவிட்டாலும் பிரச்சினைதான். எண்ணெய் பார்க்கும் கம்பி, எண்ணெய் ஃபில்டர், கடல்நீர் பம்பின் மூடி, டீசலில் சேரும் காற்றை வெளியேற்றும் திருகு ஆகிய நான்கும் கைக்கு வர வேண்டும். படகு ஆடும்போது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால். இதைப் பொம்மையிலேயே நடித்துப் பாருங்கள். பக்கத்துப் படகுக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

பழைய எஞ்சினை எப்படி வெளியே எடுப்பது?

கிரேன் கிடைத்தால் கிரேன். என் படகு நின்ற முற்றத்தில் கிரேனுக்கு நாள் கணக்கில் வாடகை. அதனால் பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் என்ற நீளக் கம்பத்தையே தூக்குமரமாக்கினோம். பாயைக் கழற்றிவிட்டு, பூமை நீளவாக்கில் எஞ்சினுக்கு மேலே நிறுத்தி, பாயை ஏற்றும் கயிறான மெயின் ஹால்யார்டால் மேலே இழுத்துக் கட்டி, தூக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு தடித்த மரத்தூணை முட்டுக்கொடுத்தோம். தூண் இல்லாமல் வெறும் கயிற்றை நம்பிச் செய்யாதீர்கள். பூம் வளையும், அல்லது பாய்மரத்தில் அது சேரும் இணைப்பு கழன்று வரும். தூணின் அடியில் பலகை போட்டு எடையைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் காக்பிட் தரை விரியும்.

தூக்கும் முன் எதையெல்லாம் கழற்ற முடியுமோ கழற்றுங்கள்: கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், டைனமோ, எல்போ, முடிந்தால் ஃப்ளைவீல். பழைய வோல்வோவின் ஃப்ளைவீல் ஒன்றே ஓர் ஆள் தூக்கத் திணறும் எடை. இரும்பு லேசாக லேசாக நெஞ்சும் லேசாகும். செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) ஒருவர், எஞ்சினை வழிநடத்த ஒருவர், வாயிலைப் பார்க்க ஒருவர் என மூன்று பேர் வேண்டும். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே யாரும் கை நீட்டக் கூடாது, ஒரு நட்டு விழுந்துவிட்டாலும்கூட.

எண்ணெயை முன்னாலேயே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நான் மறக்கவில்லை, கியர்பாக்ஸ் எண்ணெயைத்தான் மறந்தேன். கேபின் மெத்தை துணி அன்றோடு போயிற்று.

எஞ்சின் போன இடத்தில் என்ன செய்ய வேண்டும்?

சுத்தம் செய்து பெயின்ட் அடியுங்கள். இந்த இடத்தை இனி இருபது, முப்பது வருடத்துக்குப் பார்க்க மாட்டீர்கள். நாற்பது வருட எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது அருவருப்பான வேலைதான். ஆனால் அப்போதுதான் எஞ்சின் உட்காரும் படுக்கையின் நிலைமை தெரியும். பல படகுகளில் அது மரக்கட்டை, மேலே கண்ணாடிநார் போர்த்தியிருக்கும். பழைய போல்ட் துளை வழியாக எண்ணெயும் தண்ணீரும் இறங்கி மரம் இற்றிருக்கலாம். சுத்தியால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் வெட்டிப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒலித்தடுப்புப் பலகை, கடல்நீர் வால்வு, பழைய ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற இதுதான் சமயம்.

ஷாஃப்டும் புரொப்பெல்லரும் பழையதே போதுமா?

ஷாஃப்ட் நேராக இருந்து, பேரிங் ஓடும் இடத்தில் தேய்மானம் இல்லாவிட்டால் போதும். அங்குல அளவா, மில்லிமீட்டர் அளவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் கப்ளிங் (ஷாஃப்டை எஞ்சினோடு சேர்க்கும் இணைப்பு) அதில் ஏறாது. அந்த 0.4 மில்லிமீட்டருக்காக ஒரு வாரம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

புரொப்பெல்லர் பெரும்பாலும் மாற வேண்டியிருக்கும். பழைய எஞ்சின்கள் மெதுவாகச் சுற்றுபவை. இப்போதைய சின்ன டீசல்கள் நிமிடத்துக்கு 3600 சுற்று வரை போகின்றன. கியர்பாக்ஸ் அதைப் பாதியாகவோ இன்னும் குறைவாகவோ ஆக்கித் தருகிறது. அதற்கேற்ற விட்டமும் பிட்ச்சும் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) வேண்டும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் முக்கியம்: படகின் பின்னால் நின்று பார்க்கும்போது, முன்னே போக வலஞ்சுழியாகச் சுற்றினால் அது வலக்கைப் புரொப்பெல்லர். இடக்கைப் புரொப்பெல்லரை வலக்கை எஞ்சினில் மாட்டினால், முன் கியரில் படகு பின்னால் போகும்.

சரியான புரொப்பெல்லரா என்று அறிய ஒரு சோதனை. கரையிலிருந்து விலகி, ஓட்டத்தில் முழு வேகம் கொடுங்கள். எஞ்சின் அதன் உச்சச் சுற்றைத் தொட வேண்டும், அல்லது அதற்கு மிக அருகில் வர வேண்டும். 2800-இலேயே திணறிக் கறுப்புப் புகை விட்டால் பிட்ச் அதிகம். அலட்டிக்கொள்ளாமல் உச்சத்துக்கு ஓடிவிட்டு, படகு மட்டும் நகர மறுத்தால் பிட்ச் குறைவு.

அலைன்மென்ட் என்று பயமுறுத்துகிறார்களே?

எஞ்சினையும் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதுதான் அது. பயப்பட வேண்டாம், பொறுமை வேண்டும். கியர்பாக்ஸின் தட்டும் ஷாஃப்டின் தட்டும் முகத்தோடு முகம் சரியாகப் பொருந்த வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு, மேல், கீழ், இடது, வலது நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தால், இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சாதாரண அச்சுக் காகிதத்தின் தடிமன் அது. நடுவில் வளையும் ரப்பர் கப்ளிங் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ரப்பர் எல்லாக் கோணலையும் மன்னித்துவிடும் என்பது தவறான நம்பிக்கை.

கடைசி அளவைப் படகு தண்ணீரில் இறங்கி ஓரிரு நாள் ஆன பிறகுதான் எடுக்க வேண்டும். தரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் வடிவம் வேறு, மிதக்கும் படகின் வடிவம் வேறு. புது ரப்பர் மவுண்ட்களும் எடை ஏறியதும் சற்று அமுங்கும். முதல் 50 மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

எக்ஸாஸ்ட் பழையதே இருக்கட்டுமா?

கூடாது. புது எஞ்சினைக் கொல்லக்கூடியது இதுதான். குழாயின் விட்டம் புது எஞ்சினின் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். ஒல்லியான பழைய குழாயை அடாப்டர் போட்டு இணைத்தால் பின்னழுத்தம் ஏறி மூச்சுத் திணறும்.

அதைவிட முக்கியம், கடல்நீர் எல்போவுக்குள் சேரும் இடம் எங்கே இருக்கிறது என்பது. அது நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, மேலே 15 சென்டிமீட்டருக்குள் இருந்தாலோ, எஞ்சின் நின்ற பிறகும் கடல்நீர் தானாக உறிஞ்சி உள்ளே வரும். எக்ஸாஸ்ட் குழாயில் தண்ணீர் தேங்கும் வாட்டர்லாக் பெட்டி நிரம்பி, பிறகு சிலிண்டருக்குள் ஏறும். அடுத்த நாள் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். இதைத் தடுக்க, கடல்நீர்க் குழாயை நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே ஏற்றி இறக்கி, வளைவின் உச்சியில் காற்று வால்வு வைக்க வேண்டும். அந்த வால்வில் உப்பு அடைத்துக்கொள்ளும். வருடம் ஒருமுறை கழுவுங்கள்.

இதே ஆபத்து வேறு வழியிலும் வரும். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது டீசல் குழாயில் காற்று இருக்கும், எஞ்சின் பிடிக்காது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அழுத்துவோம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பம்ப் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, அதை வெளியே தள்ளப் புகை இல்லை. அதனால் எஞ்சின் பிடிக்கும் வரை கடல்நீர் வால்வை மூடி வையுங்கள். பிடித்த அந்தக் கணமே திறங்கள், இல்லையேல் இம்பெல்லர் காய்ந்து கிழியும். வால்வுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துவிடுவது உத்தமம்.

டீசல் டேங்க், மின்வயர்?

டேங்கின் அடியில் தண்ணீரும் அதில் வளரும் கறுப்பு வழவழப்பும் கட்டாயம் இருக்கும். புது எஞ்சினுக்கு அதைக் கொடுக்காதீர்கள். காலி செய்து கழுவி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை எஞ்சினுக்கு முன்னால் வையுங்கள். இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகத் தனிக்குழாய் வேண்டும்.

ஸ்டார்ட்டர் கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை அணைத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு போய்விடும். ஸ்விட்ச் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

எவ்வளவு செலவாகும்? நானே செய்யலாமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயே ஒரு பணம். எஞ்சின் விலையில் பாதியைக் குழாய், கப்ளிங், புரொப்பெல்லர், கேபிள், ஃபில்டர், தூக்குகூலி என்று தனியாக ஒதுக்கி வையுங்கள். ஆள் வைத்துச் செய்தால் கூலி மட்டும் எஞ்சின் விலையை எட்டிப் பிடிக்கலாம். இந்தப் பணம் படகை விற்கும்போது முழுதாகத் திரும்பாது.

ஸ்பேனர் பிடித்துப் பழக்கமுள்ளவர் பெரும்பாலானதைச் செய்யலாம். கழற்றுவது, சுத்தம், பெயின்ட், குழாய், வயர் எல்லாம் நானே செய்தேன். அலைன்மென்ட்டுக்கும் முதல் ஸ்டார்ட்டுக்கும் ஒரு மெக்கானிக்கை அரை நாள் கூப்பிட்டேன். உத்தரவாதத்துக்கு எஞ்சின் கம்பெனி கேட்கும் சோதனைக் கையெழுத்தும் அதோடு முடிந்தது.

ஊரில் நாட்டுப்படகில் செய்வதுபோல் எஞ்சினைப் பின்னால் மாட்டிவிட்டால்? அல்லது மின்மோட்டார்?

ஊரிலிருந்து வந்த மாமா முதல் பாதியைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஏரியிலோ ஆற்றிலோ ஓட்டுவதானால் வெளிப்புற எஞ்சின் மலிவான நல்ல வழி. ஆனால் எதிரலையில் இந்த மாதிரிப் படகின் பின்பக்கம் தூக்கித் தூக்கி விழும், புரொப்பெல்லர் காற்றில் சுழலும். அலை பெரிதாக இருக்கும்போதுதானே எஞ்சின் தேவைப்படுகிறது.

மின்மோட்டார் எனக்கு ஆசைதான். கணக்கு மட்டும் இடிக்கிறது. ஒரு லிட்டர் டீசல், எஞ்சின் வழியாக, ஷாஃப்டில் ஏறத்தாழ 3 யூனிட் வேலை தருகிறது. 10 யூனிட் லித்தியம் பேட்டரி என்பது மூன்றே முக்கால் லிட்டர் டீசலுக்குக்கூடச் சமமில்லை. துறைமுகத்தை விட்டு வெளியே போய்ப் பாய் விரித்து, மாலையில் திரும்பி வந்து சார்ஜ் போடுபவருக்கு அது போதும். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் போகிறவருக்குப் போதாது.

ஓட ஆரம்பித்த பிறகு?

முதல் 50 மணி நேரத்தில் ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கட்டிப்போட்டுவிட்டு பேட்டரி சார்ஜுக்காக மணிக்கணக்கில் மெதுவாக ஓட விடாதீர்கள். 50 மணி நேரம் முடிந்ததும் எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய் இரண்டும் மாற்ற வேண்டும், போல்ட்களை இறுக்கிப் பார்க்க வேண்டும். என் படகு நிதானமாக ஓடும்போது மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவில் குடிக்கிறது.

பழைய எஞ்சினை என்ன செய்தீர்கள்?

புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும் வரை எதையும் தூக்கிப் போடவில்லை. நல்லவேளை, ஒரு கேபிள் தாங்கியும் இரண்டு பித்தளை இணைப்பும் அதிலிருந்து எடுத்து மாட்ட வேண்டியிருந்தது. அப்புறம் உதிரிபாகத்துக்கு என்று விளம்பரம் போட்டேன். அதே எஞ்சினை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள். இன்ஜெக்டர் பம்பை ஒருவரும், சிலிண்டர் தலைகளை இன்னொருவரும் வாங்கிப் போனார்கள். ஸ்டார்ட்டரை வாங்கவென்றே நாலு மணி நேரம் காரோட்டி வந்த பெரியவர், புது எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த பிளாக் பழைய இரும்புக்குப் போயிற்று. எடைக்குக் கிடைத்த காசு, பாழான மெத்தைத் துணிக்குச் சரியாக இருந்தது.